இடம் பெயராக் கோப்புகள்

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் திருத்தணி மலைக்கு வந்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பார்கள். ஒரு குடும்பத்தார் ஐவர் அடிவாரத்தில் ஒன்றாகவே படியேறத் தொடங்குவர். காவடிக் கூட்டம் நெருக்கும். பாட்டனார் ஒரு மண்டபத்தில் ஒதுங்குவார். பேரன் எட்டுப் படி முன்னே போய்விடுவான். தாய் ஒரு தூணோரத்தில் கிடைத்த இடத்தில் அமர்ந்து கொள்வாள். ஐவரும் மலைமேல்தான் இருக்கிறார்கள். ஒருவரும் காணாமற் போகவில்லை. ஆயினும் குடும்பத் தலைவர் அனைவரையும் ஒருங்கே அழைத்துக்கொண்டு இறங்க வேண்டுமானால், 365 படிகளிலும் ஏறி இறங்கித் தேடியாக வேண்டும்.

கணினியின் உள்ளே சுழலும் வன்தட்டிலும் இதுவே நிகழ்கிறது. நாம் எழுதும் கடிதமோ, சேர்த்து வைக்கும் படமோ, பதிவு செய்யும் பேச்சோ அத்தட்டில் ஒரே இடத்தில் அமர்வதில்லை. எங்கெங்கே வெற்றிடம் கிடைக்கிறதோ அங்கங்கே துண்டு துண்டாக அமர்கின்றது. அத்துண்டுகளை மறுபடியும் ஒன்று சேர்த்து வரிசையாக வைக்கும் பணியை ஆங்கிலச் சொல்லாலேயே டிஃபிராக் என்று நம் பிள்ளைகள் வழங்கினர். அப்பணி நடைபெறும்போது, எத்துணை முயன்றாலும் இருக்கும் இடத்தை விட்டு நகராத சில கோப்புகள் உண்டு. அவை ஏன் நகர்வதில்லை, அவற்றோடு மனிதர் எவ்வாறு மல்லுக்கு நின்றனர் என்பதன் வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன். கணினி நூல் கற்றவன் அல்லன் நான். ஆசிரியர் பயிற்சி பெற்று, இடைநிலை ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இந்த வரலாற்றினுள் நான் புகுந்தது ஓர் இழப்பின் காரணமாகவே.

நான் 1960-ஆம் ஆண்டிற் பிறந்தவன். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு எங்கள் ஊரும் அப்பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானம், தமிழாசிரியர் மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சியும், படாஸ்கர் அவர்களின் பரிந்துரையும், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து எங்களை இப்பக்கம் கொண்டுவந்தன. ஆறரை ஆண்டுகள் ஆந்திரத்தில் இருந்த அக்காலத்தை நேரில் அறிந்த முதியவர்கள் எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பலர் இருந்தனர். பள்ளியில் எந்த மொழியில் பாடம் நடந்தது, வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எழுத யாரைப் பிடித்தார்கள், பெண் கொடுத்த ஊர் மறுபக்கம் போனபோது வீட்டில் என்ன பேசிக் கொண்டார்கள் என்பன போன்ற செய்திகள் ஏட்டில் இல்லை. அவர்கள் நாவில்தான் இருந்தன. 2002-ஆம் ஆண்டில் அவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினேன்.

ஒலிநாடாப் பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வேன். இரவில் அதனை ஒரு கம்பியால் கணினியோடு இணைத்து, பேச்சைக் கணினிக்குள் ஏற்றுவேன். அக்கணினி பிறர் பயன்படுத்தி விற்றது. விண்டோஸ் 98 என்னும் இயங்குதளமும், 10 ஜிகாபைட் கொள்ளும் வன்தட்டும் உடையது. ஒலிநாடாவுக்குக் காசு செலவாகிறதே என்று எண்ணி, ஏற்றி முடித்த நாடாவையே அழித்து அடுத்த முதியவருக்குப் பயன்படுத்தினேன். ஆசிரியர் வீட்டுச் சிக்கனம் அது. அதன் விலையைப் பின்னர் உணர்ந்தேன்.

இனி, வன்தட்டின் இயல்பைச் சிறிது நோக்குவோம். வன்தட்டுக்குத் தாய் எனத்தக்கது 1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் கணிப்பொறியோடு வெளியிட்ட 350 என்னும் கருவி. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அத்துணைப் பெரிய பொறி கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. 1983-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியில் வைத்த வன்தட்டு 10 மெகாபைட் கொண்டது. நான் 2002-இல் வைத்திருந்த பழைய தட்டு அதனைப்போல் ஆயிரம் மடங்கு. அளவு வளர்ந்ததே தவிர, அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஒரு கை நீண்டிருக்கிறது, அக்கையின் நுனியிலுள்ள தலை, வேண்டிய வட்டத்திற்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருந்து படிக்கிறது.

அக்காத்திருப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு, வினாடிக்கு 120 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ எட்டு மில்லி வினாடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு நான்கு மில்லி வினாடி. கை நகர்வதற்கு ஒன்பது மில்லி வினாடி எனக் கொண்டால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக 13 மில்லி வினாடி செலவாகிறது. ஒரு கோப்பு ஆயிரம் துண்டாகக் கிடந்தால், படிக்கும் நேரத்தை விட்டுவிட்டுத் தேடும் நேரம் மட்டுமே 13 வினாடி. அதே கோப்பு ஒரே தொடராக இருந்தால் இத்தேடல் ஒரே முறைதான். கணினி முதுமை எய்திவிட்டது என்று நாம் சலித்துக் கொள்வதில் பெரும்பகுதி, அந்தக் கையின் அலைச்சலே.

துண்டுகளைக் கணினி எவ்வாறு நினைவில் வைக்கிறது? வார இதழ்களில் தொடர்கதை படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பக்கத்தின் அடியில் “தொடர்ச்சி 46-ஆம் பக்கம்” என்று போட்டிருக்கும். அங்கே போனால் இன்னொரு பக்கத்தைக் காட்டும். 1977-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் மார்க் மெக்டொனால்ட் என்பவர் எழுதிய கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை இம்முறையையே கொண்டது. அதனை ஃபாட் என்று சுருக்கி வழங்குவர். தட்டைச் சம அளவுள்ள சிறு கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் எதிரே அடுத்த கொத்தின் எண் எழுதப்பட்டிருக்கும். கடைசிக் கொத்துக்கு எதிரே முற்றும் என்னும் குறி. என் 10 ஜிகாபைட் தட்டில் ஒரு கொத்து 8 கிலோபைட். ஒரு மணி நேரப் பேச்சைத் தெளிவாகப் பதிவு செய்தால் 317 மெகாபைட் ஆகும். அதாவது ஏறக்குறைய 38,700 கொத்துகள். அட்டவணையில் ஓரிடத்தில் எண் பிழைபட்டால், அதற்குப் பின்னுள்ள பேச்சு முழுவதும் தட்டில் இருந்தும் இல்லாததே ஆகிவிடும்.

துண்டுகளை ஒன்று சேர்ப்பதும் நம் வீடுகளுக்குப் புதிய செயல் அன்று. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி, கடைசியில் பைண்டு செய்து வைக்காத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் அரிது. என் அன்னையார் அவ்வாறு சேர்த்த தொகுதிகள் இரண்டு இன்னும் என் பரணில் உள்ளன. கணினிக்கு இந்தப் பைண்டு வேலையைச் செய்யும் மென்பொருள்கள் 1980-களில் தோன்றின. கிரெய்க் ஜென்சன் என்பவரின் நிறுவனம் பெரிய கணிப்பொறிகளுக்காக 1986-இல் டிஸ்க்கீப்பர் என்னும் ஒன்றை வெளியிட்டது. தனியாள் கணினிகளுக்குப் பீட்டர் நார்ட்டன் பெயர் தாங்கிய தொகுப்பில் ஸ்பீட் டிஸ்க் என்னும் ஒன்று இருந்தது. 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் ஆறாம் பதிப்போடு டிஃபிராக் என்னும் கட்டளை கணினியிலேயே வந்துவிட்டது. அதுவும் நார்ட்டன் வழிவந்ததே.

அந்தத் திரையை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். தட்டின் படமாகச் சிறு சிறு கட்டங்கள் விரியும். படிக்கும் இடத்தில் ஓர் எழுத்து, எழுதும் இடத்தில் ஓர் எழுத்து, பழுதான இடத்தில் ஓர் எழுத்து மின்னும். இவற்றினிடையே அங்கங்கே எக்ஸ் என்னும் குறி நிற்கும். அதுவே நகராத கோப்பு. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுவதை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகெங்கும் இருந்தனர். நானும் பார்த்தேன்.

அக்காலத்தில் நகராமைக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கணினியை எழுப்பும் ஐஓ.சிஸ் போன்ற கோப்புகள் குறித்த இடத்தில் இருக்கும் என நம்பியே பழைய டாஸ் பதிப்புகளின் தொடக்க நிரல் எழுதப்பட்டிருந்தது. இடம் மாறினால் கணினி விழித்தெழாது. மற்றொன்று, களவுப் படி எடுப்பதைத் தடுக்கச் சில மென்பொருள்கள் செய்த தந்திரம். அவை மறைவான ஒரு கோப்பைத் தட்டில் ஒரு குறித்த இடத்தில் வைத்து, அவ்விடத்தில் அது இருந்தால் மட்டுமே இயங்கும். ஆகவே, மறைகோப்பு என்றும் அமைப்புக் கோப்பு என்றும் குறியிட்டவற்றைத் தொடாமல் விடுவதே நலம் என்று இந்தக் கருவிகளை எழுதியோர் கொண்டனர். நகராதது பழுதுபட்டதன்று; நகர்த்தலாகாதது என்று ஒருவர் முன்னமே முடிவு செய்து வைத்தது. இந்த ஒன்றை அறிந்திருந்தால் பின்னாளில் நான் பட்ட அச்சத்திற் பாதி குறைந்திருக்கும்.

முதல் இழப்பைச் சொல்லிவிடுகின்றேன். 2004-ஆம் ஆண்டு ஒரு மாலையில், கணினி தளர்நடை போடுகிறதே என்று, விண்டோஸ் 98-இன் டிஃபிராக் பணியைத் தொடங்கினேன். அப்பணி பொறுமையைச் சோதிப்பது. ஏதேனும் ஒரு மென்பொருள் பின்னணியில் தட்டில் ஒரு வரி எழுதிவிட்டாலும், “தட்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது” என்று கூறி முதலிலிருந்து தொடங்கும். திரைக்காப்புப் படம் ஓடினாலே போதும், மறுபடியும் முதற்கட்டம். அனைத்தையும் நிறுத்தி, இரவு எட்டு மணியளவில் ஒருவாறு பாதி கடந்தது. மின்சாரம் நின்றது. என்னிடம் மின்கலச் சேமிப்புக் கருவி இல்லை.

மீண்டும் கணினியை எழுப்பியதும், ஸ்கேன்டிஸ்க் என்னும் சோதனை நிரல் தானே ஓடி, தொடர் அறுந்த துண்டுகளைக் கண்டு, அவற்றைக் கோப்புகளாகச் சேமிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். ஃபைல்0000.சிஹெச்கே என்றும், 0001 என்றும் எண்ணிட்ட பெயர்களோடு முப்பதுக்கு மேற்பட்ட அநாதைகள் வந்து நின்றன. அவற்றில் எது யாருடைய குரல் என்று கூறும் தலைப்பு எதுவும் இல்லை. நல்லவேளையாக மற்றப் பதிவுகள் பிழைத்தன. ஒரு பெரியவரின் ஒரு மணி நேரப் பேச்சு மட்டும் 22-ஆம் நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடியும் அவரிடம் போகலாம் என எண்ணினேன். அவர் அதற்கு மூன்று திங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார். ஒலிநாடாவோ, மேலே சொன்ன சிக்கனத்தால், வேறொருவரின் பேச்சைச் சுமந்து கொண்டிருந்தது.

2005-இல் புதிய கணினி வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிகாபைட் தட்டு, 512 மெகாபைட் நினைவகம். இதன் தட்டு ஃபாட் முறையை விட்டு என்டிஎஃப்எஸ் என்னும் முறையில் அமைந்தது. 1993-இல் விண்டோஸ் என்டி-யோடு பிறந்த முறை அது. மாற்றம் ஒன்றைச் செய்யுமுன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்யும் இயல்புடையதாதலால், மின்சாரம் போனாலும் அமைப்பு எளிதிற் சிதையாது. அக்குடும்பத்தின் முதற்பதிப்பை வெளியிட்டபோது, இத்தட்டுகளுக்குத் துண்டுசேர்க்கும் கருவியே வேண்டுவதில்லை என்பது போல மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எதனையும் உடன் வழங்கவில்லை. அனுபவம் வேறாக இருந்தது. 1996-இல் வந்த என்டி நான்காம் பதிப்பில், கோப்பின் கொத்துகளைத் தீங்கின்றி இடம் மாற்றுவதற்குரிய வாயில் இயங்குதளத்திலேயே திறக்கப்பட்டது. விண்டோஸ் 2000-த்தில் முன்சொன்ன டிஸ்க்கீப்பரின் எளிய வடிவம் உரிமம் பெற்றுச் சேர்க்கப்பட்டது. எக்ஸ்பி-யிலும் அதன் வழிவந்ததே இருந்தது.

அதில் கட்டங்கள் இல்லை. நீண்ட ஒரு பட்டை இருந்தது. சிவப்பு, துண்டுபட்ட கோப்பு, நீலம், சேர்ந்த கோப்பு, வெள்ளை, வெற்றிடம், பச்சை, நகராத கோப்பு. 2009-ஆம் ஆண்டில் என் தட்டில் சிவப்பு மிகுந்தது. பதிவுகள் அப்போது பதினான்கு ஆகியிருந்தன. அவற்றைத் திறந்தால் பேச்சு விட்டு விட்டு ஒலித்தது. துண்டுசேர்க்கும் பணியை இயக்கினேன், முடிந்தது என்றது, சிவப்பு அப்படியே நின்றது. நடுவே அகன்ற பச்சைக் கோடு இரண்டு. மறுநாளும் இயக்கினேன். பச்சை ஓர் அணுவும் அசையவில்லை. பழுது நீக்குபவர் ஒருவரை அழைத்தேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “தட்டு கெட்டுவிட்டது சார், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம்” என்றார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் அப்போது உயிரோடு இல்லை. மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு, சென்னையில் மென்பொருட் பணியில் இருந்த என் பழைய மாணவன் ஒருவனிடம் தொலைபேசியிற் பேசினேன். ஐந்தாம் வகுப்பில் வாய்பாடு ஒப்பிக்கத் தடுமாறியவன் அவன். “ஐயா, அழிக்கவும் வேண்டாம், ஒழுங்குபடுத்தவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்” என்றான். வந்தவன் முதலிற் செய்தது துண்டுசேர்ப்பு அன்று. டிவிடி வட்டுகள் வாங்கி வந்திருந்தான். பதினான்கு பதிவுகளையும் இரண்டு இரண்டு படியாக அவற்றில் ஏற்றினான். ஒரு வட்டு 4.7 ஜிகாபைட் கொண்டது. ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. “தட்டு உண்மையாகவே கெட்டிருந்தால், துண்டுசேர்ப்பது அதனை மேலும் அடித்து ஓட்டுவது போலாகும், ஐயா” என்றான். அடுத்து, சிஹெச்கேடிஸ்க் என்னும் கட்டளையால் தட்டைச் சோதித்தான். பழுதான இடம் ஒன்றுமில்லை. தட்டு கெடவே இல்லை.

பின்னர் எது தடை? முதற்காரணம் மிக எளியது. என் கண்ணெதிரே இருந்தது. எக்ஸ்பி-யின் அக்கருவி நன்கு இயங்கத் தட்டில் 15 விழுக்காடு வெற்றிடம் வேண்டும். என் தட்டில் அது ஐந்தரை ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும், இருந்ததோ இரண்டு. வகுப்பறை நிறையப் பலகைகளை அடைத்துவிட்டு, அவற்றை வரிசைப்படுத்து என்று பிள்ளைகளை ஏவினால் என்ன செய்வார்கள்? ஒன்றைத் தூக்கி வைக்க ஒரு மூலையாவது காலியாக வேண்டாமா? வேண்டாத படங்களையும் தற்காலிகக் கோப்புகளையும் நீக்கினோம். முன்னிலை மீட்பு என்னும் வசதி பல ஜிகாபைட்டை அடைத்துக் கொண்டிருந்தது. பழைய மீட்பு நிலைகள் அழிந்துவிடும் என்று என்னை எச்சரித்துவிட்டு, அதனை நிறுத்தினான்.

பச்சைக்கு வருவோம். அதில் மூன்று உறுப்பினர் இருந்தனர். முதலாவது, பேஜ்ஃபைல்.சிஸ். நினைவகம் போதாதபோது அதன் சுமையில் ஒரு பகுதியைக் கணினி இக்கோப்பில் இறக்கி வைக்கிறது. இதன் துண்டுகள் தட்டில் எங்கெங்கே உள்ளன என்பதைக் கணினி எழும்போதே ஒருமுறை குறித்துக்கொண்டு, பின்னர் அக்குறிப்பையே நம்பி நேராக எழுதுகிறது. நடுவில் யாரேனும் கோப்பை நகர்த்திவிட்டால், அது வேறொருவர் இடத்தில் போய் எழுதிவிடும். ஆகவே கணினி விழித்திருக்கும்வரை இதனை எவரும் தொட முடியாது. இரண்டாவது, ஹைபர்ஃபில்.சிஸ். கணினியை அணைக்காமல் உறங்க வைக்கும்போது நினைவகத்தில் உள்ளதை அப்படியே வாங்கி வைக்கும் கோப்பு. இதுவும் பூட்டப்பட்டே இருக்கும். மூன்றாவது, என்டிஎஃப்எஸ்-இன் முதன்மைக் கோப்பு அட்டவணை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு போன்றது அது. தட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. அப்பதிவேடு எங்கே தொடங்குகிறது என்பது தட்டின் தொடக்கப் பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் மற்றப் பகுதிகளை எக்ஸ்பி நகர்த்த வல்லது, தொடக்கத்தை நகர்த்தாது.

முதல் இருவரை வெளியேற்றும் வழி எளிதே. கோப்பை நகர்த்த முடியாது. ஆனால் இல்லாமற் செய்து, பின்னர் மீண்டும் உண்டாக்க முடியும். மின்திறன் அமைப்பில் உறக்க வசதியை நீக்கியதும் ஹைபர்ஃபில் தானே மறைந்தது. மெய்ந்நிகர் நினைவகத்தை வேண்டாம் என்று குறித்து, கணினியை அணைத்து எழுப்பியதும் பேஜ்ஃபைல் மறைந்தது. நினைவகம் குறைவு என்று கணினி முணுமுணுத்தது. வேறு எதனையும் திறக்காமல் விட்டோம். துண்டுசேர்ப்பை இயக்கிவிட்டு உணவருந்தப் போனோம். திரும்பி வந்தபோது பட்டையில் நீலம் ஒரே தொடராகப் படர்ந்திருந்தது. பின்னர் பேஜ்ஃபைலை மீண்டும் அமைத்தான். அதன் சிற்றளவும் பேரளவும் ஒன்றே என்று 768 மெகாபைட் குறித்தான். அளவு நிலையாக இருந்தால் அது வளர்ந்து வளர்ந்து துண்டாவதில்லை என்பது அவன் விளக்கம். இவ்வளவு சுற்றாமலே, கணினி எழும் நேரத்தில், பிற நிரல்கள் கோப்புகளைப் பற்றுமுன் இவ்வேலையைச் செய்யும் பேஜ்டிஃபிராக் என்னும் சிறு நிரலை மார்க் ருசினோவிச் என்பவர் எழுதி இலவசமாக வழங்கியிருந்தார். அதை அவன் சொன்னான், நாங்கள் பயன்படுத்தவில்லை.

மெல்லிய பச்சைக் கோடு ஒன்று அப்போதும் எஞ்சி நின்றது. “அது இருக்கட்டும், ஐயா, அது அட்டவணையின் தலை” என்றான். பதிவைத் திறந்தேன், பேச்சு தடையின்றி ஒலித்தது. முதல் நாள் வந்த பழுது நீக்குபவர் திங்கட்கிழமை காலையில் வந்தார். தேநீர் கொடுத்து, வந்துபோன கூலியையும் கொடுத்து அனுப்பினேன்.

இது என் வீட்டுக் கதையாக முடிந்துவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, எங்கள் மாவட்டத்துக் காக்களூரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. விண்டோஸ் 7-இன் எளிய பதிப்பும், பாஸ் லினக்ஸ் என்னும் நம் நாட்டு இயங்குதளமும் ஒருங்கே அமைந்த கணினிகள் அவை. நெசவாளர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் வன்தட்டு நுழைந்தது அப்போதுதான். பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி தன் கணினியை என்னிடம் கொண்டுவந்து, பாடங்களுக்கெனத் தட்டில் தனிப்பகுதி பிரிக்க முயன்றும் பாதிக்குமேல் சுருங்க மறுக்கிறது என்றாள். தட்டின் நடுவில் நகராத கோப்பு ஒன்று அமர்ந்திருந்தால், அதனைத் தாண்டி விண்டோஸ் சுருங்காது. எது அக்கோப்பு என்பதையும் கணினியே எழுதி வைக்கிறது. நிகழ்வுக் குறிப்பேட்டில் 259 என்னும் எண்ணுள்ள பதிவைத் திறந்தால் கடைசி நகராக் கோப்பின் பெயர் இருக்கும். திறந்தோம், பேஜ்ஃபைல் தான். என் மாணவன் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். முதலில் அவள் பாடங்களைப் படியெடுத்து வைத்த பிறகே.

இன்று இவ்வரலாறு ஏறக்குறைய முடிந்துவிட்டது. எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-இல் நின்றது. விஸ்டா பதிப்பிலேயே அந்த வண்ணப் பட்டையை எடுத்துவிட்டனர். வேலை திரைமறைவில் தானே நடந்தது. சுழலும் தட்டும் அலையும் கையும் இல்லாத திண்மச் சேமிப்புக் கருவிகள் இப்போது பரவியுள்ளன. அவற்றில் துண்டாகக் கிடப்பதால் தேடும் நேரம் கூடுவதில்லை; அடிக்கடி எழுதினால் தேய்மானந்தான் மிகும். ஆகவே இளையோர் அவற்றில் இப்பணியைச் செய்ய வேண்டா. பழைய கணினி வைத்திருப்போர் செய்யலாம். படி எடுத்துக் கொண்டு செய்க. நகராத கோப்பைக் கண்டு தட்டைக் குறை கூறாதீர்கள். அதன் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

என் பதினான்கு பதிவுகளும் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. 22-ஆம் நிமிடத்தில் நின்ற அந்தப் பதிவையும் அவற்றோடு வைத்திருக்கிறேன். கடந்த தை மாதம் அப்பெரியவரின் பேத்தி பெங்களூரிலிருந்து வந்து கேட்டாள். பாட்டனார் தம் பள்ளி நாட்களையும், மலையடிவாரத்தில் கூடிய கூட்டத்தையும் சொல்லிக்கொண்டே வருகிறார். “மறுநாள் விடியற்காலை நாங்க நாலு பேரு…” என்கிறார். அங்கே ஒலி நின்றுவிடுகிறது. “யார் அந்த நாலு பேர், தாத்தா?” என்று அவள் என்னைக் கேட்டாள். அன்று அவர் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டவன் நான். இருவர் பெயரைச் சொன்னேன். அவள் அவற்றைத் தன் கைபேசியில் எழுதிக்கொண்டாள்.